புள்ளியும் வாக்குச்சீட்டும்: 1801-க்குப் பிந்தைய செட்டிநாடும் ஜாக்சன் கால அமெரிக்காவும்

பிள்ளையார்பட்டிக் கோயிலைச் சேர்ந்த, நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார் வீட்டில் கல்யாணம் என்றால் கோயில் மாலை வந்தாக வேண்டும். மணப்பெண் வேறொரு கோயிலைச் சேர்ந்தவள். அவள் பிறந்த கோயிலிலிருந்தும் ஒரு மாலை வரும். பிள்ளையார்பட்டிக் கோயிலாருக்குள் பெண் கொடுத்து வாங்குவதில்லை. இரணியூர்க் கோயிலார் உடன்பிறந்தார் முறை என்பதால் அவர்களோடும் சம்பந்தம் கிடையாது. மாலை வந்து, இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதி, கோயில் ஏட்டில் பெயர் ஏறிய பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. அன்றிலிருந்து கோயிலுக்கு வரி கொடுக்கும் கடமையும் கோயில் காரியத்தில் பங்கு கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஊர் ஊராகக் கடை வைத்திருக்கும் முதலாளியும் ஒரு புள்ளி. அவர் கடையில் சம்பளத்துக்கு இருக்கும் அடுத்தாளும் ஒரு புள்ளி. புள்ளி வரி எல்லோருக்கும் ஒரே தொகை. பெரிய திருப்பணிக்குக் கூடுதல் பணம் வேண்டுமென்றால் சொத்துக்கு ஏற்ப ஆஸ்தி வரி தனியாக விதிப்பார்கள். கணவனை இழந்தவள் அரைப் புள்ளி.

இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது கோயில்களும் இப்படித்தான் தங்கள் மக்களைக் கணக்கில் வைத்தன. யார் ஒரு முழு ஆள், யார் அரை ஆள், யார் கணக்கிலேயே வராதவர், பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே எடையா என்பவை எந்தச் சமூகமும் என்றாவது ஒருநாள் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள். 19ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடு இதே கேள்விகளை வைத்துக்கொண்டுதான் போராடியது. வாக்குரிமை யாருக்கு, கடன் கொடுக்கும் அதிகாரம் யார் கையில் என்ற இரண்டு வழக்குகளும் அங்கே ஒரே காலத்தில் நடந்தன. அதே நாற்பது ஆண்டுகளில் சிவகங்கைச் சீமையில் வாக்குரிமை என்ற பேச்சே எழவில்லை. ஆனால் ஆட்சி கைமாறியது, நாணயம் மாறியது, பணம் புழங்கும் வழி மாறியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செட்டிநாட்டைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் சில கதைகள் நிற்க மாட்டா என்பது என் கருத்து.

1801 மார்ச் 4 அன்று வாஷிங்டனில் தாமஸ் ஜெஃபர்சன் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். ஒரு கட்சி தோற்று, அதை எதிர்த்த கட்சி ஆட்சிக்கு வந்தது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 16 அன்று இங்கே சிவகங்கையின் சின்ன மருது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டச் செய்த அறிக்கை, எல்லாச் சாதியாரையும் மதத்தாரையும் பெயர் சொல்லி அழைத்து, கும்பினிக்கு எதிராக எழச் சொன்னது. சுவரில் ஒட்டிய காகிதம் வழியாக நேரே மக்களிடம் பேசிய அரசியல் அது. தமிழ்நாட்டில் அதற்கு முன் அப்படி ஒன்றைக் காண்பது அரிது. ஜூலை 31 அன்று ஆர்க்காட்டு நவாபு கர்நாடகத்தின் ஆட்சியைக் கும்பினிக்கு எழுதிக்கொடுத்தார். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பிள்ளையார்பட்டியிலிருந்து திருப்பத்தூர் சில கல் தொலைவு. மருதிருவர் திருப்பணி செய்த குன்றக்குடி அதைவிடப் பக்கம். இந்த ஊர்க்காரர்களுக்கு ஆட்சி மாற்றம் என்பது கண்ணெதிரே நடந்த மரணம்.

அடுத்து நடந்ததைப் பலரும் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். கோட்டைகள் இடிக்கப்பட்டன. குடிமக்கள் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். படமாத்தூர் கௌரி வல்லப உடையத்தேவர் சிவகங்கையின் ஜமீன்தார் ஆக்கப்பட்டார். 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்படி ஜமீனுக்குச் சன்னது கிடைத்தது. அதுவரை பாளையக்காரர் என்றால் படை, காவல், வரி, நீதி, கோயில் மரியாதை எல்லாம் அடங்கிய அதிகாரம். இப்போது அவர் தவணை தவறாமல் பேஷ்குஷ் என்ற கப்பம் கட்ட வேண்டிய நில உடைமையாளர் மட்டுமே. தவறினால் நிலம் ஏலத்துக்கு வரும்.

செட்டிநாட்டின் பொருளாதார மாற்றத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. சிவகங்கை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் விளைச்சல், இல்லையென்றால் இல்லை. பழைய முறையில் விளைந்ததில் பங்கு என்பதால் மழை பொய்த்த ஆண்டில் வாங்குபவருக்கும் குறைந்தது. கும்பினிக்கோ தொகை நிலையானது, நாள் நிலையானது, பணமாகவே வேண்டும். நெல் களத்துக்கு வருவது ஒரு காலம், கிஸ்து கட்ட வேண்டியது வேறொரு காலம். இந்த இடைவெளியை நிரப்பக் கையில் ரொக்கம் உள்ள ஒருவர் வேண்டும். ஜமீன்தாருக்கு அவர் வேண்டும்; ஜமீன்தாருக்குக் குத்தகை கட்டும் மிராசுதாருக்கும் அவர் வேண்டும்.

நகரத்தார் அதுவரை உப்பு, நெல், துணி என்று பொதிமாட்டில் ஏற்றி உள்நாட்டில் வாணிபம் செய்தவர்கள். பழனிக்கு அவர்கள் போகும் பாதயாத்திரையின் பழைய வரலாறே உப்பு வாணிபத்தோடு பிணைந்தது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கும்பினி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1813இல் இந்திய வாணிபத்தில் கும்பினியின் ஏகபோகத்தை இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒழித்தது; லங்காஷயர் துணி தடையில்லாமல் இறங்கத் தொடங்கியது. 1818இல் சென்னையில் வராகன் போய் வெள்ளி ரூபாய் கணக்குப் பணமானது. 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம் என்று எண்ணியவர்கள் ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று மாற்றிக் கணக்கிட வேண்டியிருந்தது. 1835இல் கும்பினி ஆண்ட பகுதிகள் முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. உப்பும் துணியும் கையை விட்டுப் போக, பணத்தை மாற்றுவதும் கடனாகக் கொடுப்பதும் உண்டியல் எழுதி ஊர் விட்டு ஊர் அனுப்புவதும் தொழிலாக நிலைத்தன. நகரத்தார் வட்டித் தொழிலுக்கென்றே பிறந்தவர்கள் என்று பேசுவது தவறு. கும்பினியின் வருவாய்க் கொள்கை மூடிய வழிகளையும் திறந்த வழிகளையும் பார்த்து அவர்கள் எடுத்த முடிவு அது.

கௌரி வல்லபர் 1829இல் இறந்ததும் சிவகங்கைக்கு யார் வாரிசு என்ற வழக்கு எழுந்தது. முன்பு ஈட்டியும் வளரியும் தீர்த்திருக்கக்கூடிய தகராறு அது. இப்போது மாவட்ட நீதிமன்றம், சென்னை, கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்து, 1863இல் கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக முடிந்தது. ஜமீன் கௌரி வல்லபர் தாமே பெற்ற தனிச் சொத்து, ஆகவே அண்ணன் வழி ஆண்களைவிட மகளுக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பு. அவ்வளவு நீண்ட வழக்கை நடத்தப் பணம் வேண்டும். அந்த நூற்றாண்டு முழுவதும் மறவர் சீமை ஜமீன்களின் வழக்குச் செலவிலும் திருவிழாச் செலவிலும் கொடைச் செலவிலும் செட்டியார் கடன் இருந்துகொண்டே இருக்கிறது. நூற்றாண்டின் முடிவில் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி கடன் சுமையால் எவ்வளவு தடுமாறினார் என்பது ஊரறிந்த செய்தி.

அமெரிக்காவுக்கு வருவோம். விடுதலை பெற்ற நாளில் அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நிலமோ சொத்தோ உள்ள ஆண்களுக்கே வாக்கு. மேற்கே புதிதாக உருவான மாநிலங்கள் அந்த நிபந்தனை இல்லாமலேயே தொடங்கின. பழைய மாநிலங்களும் 1820களில் ஒவ்வொன்றாகத் தளர்த்தின. 1824இல் 24 மாநிலங்களில் 6இல் தலைவர் தேர்தலுக்கான தேர்வாளர்களை மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. 1828இல் அப்படி மிஞ்சியவை 2. 1824 தேர்தலில் பதிவான மக்கள் வாக்கு மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல்; நான்கே ஆண்டில் அது பதினொரு லட்சத்தைத் தாண்டியது. அந்த அலையில் குடியரசுத் தலைவரானவர் ஆண்ட்ரூ ஜாக்சன்.

ஜாக்சன் உள்நாட்டில் நடத்திய பெரிய போர் ஒரு வங்கியோடு. பிலடெல்பியாவில் தலைமையகம் கொண்ட இரண்டாம் ஐக்கிய நாட்டு வங்கிக்கு 1816இல் இருபது ஆண்டு உரிமம் கொடுத்திருந்தார்கள். மூலதனம் 3.5 கோடி டாலர். ஐந்தில் ஒரு பங்கு அரசுடையது. அரசின் பணம் அங்கே இருந்தது. மாநில வங்கிகளின் நோட்டுகளுக்குக் கடிவாளமும் அதன் கையில் இருந்தது. 1819இல் நெருக்கடி வந்தபோது அது கடனை இறுக்கியது. மேற்கிலும் தெற்கிலும் நிலத்தை இழந்தவர்கள் அதை மறக்கவில்லை. உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவை 1832 ஜூலை 10 அன்று ஜாக்சன் தடுத்து நிறுத்தினார். பணக்காரர்கள் அரசின் சட்டத்தைத் தங்கள் லாபத்துக்கு வளைக்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். வங்கித் தலைவர் நிக்கலஸ் பிடில் எதிர்த்து நின்றார், தோற்றார். 1833இல் அரசின் பணம் மாநில வங்கிகளுக்கு மாற்றப்பட்டது. 1836இல் உரிமம் முடிந்தது. அதே ஆண்டு, பொது நிலத்தை வாங்குபவர் பொன்னோ வெள்ளியோதான் கொடுக்க வேண்டும் என்று ஜாக்சன் உத்தரவிட்டார். 1837இல் லண்டனிலும் கடன் இறுகியது, பஞ்சு விலை சரிந்தது. வங்கி மேல் வங்கியாக நோட்டுக்கு நாணயம் தர மறுத்தது. வங்கியை ஒழித்ததால்தான் நெருக்கடி வந்தது என்று முன்பு எழுதினார்கள். லண்டன் வட்டியும் பஞ்சு விலையும் வெள்ளி வரத்தும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இந்தப் போரில் ஜாக்சன் சொன்னது சரியா, பிடில் சொன்னது சரியா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கடன் கொடுப்பவரின் அதிகாரத்தை ஒரு நாடு தெருவில் வைத்து விவாதித்தது. கொல்லனும் குடியானவனும் வங்கி உரிமத்தைப் பற்றி வாக்களித்தார்கள். அரைகுறையாகப் புரிந்துகொண்டு வாக்களித்தவர்கள் ஏராளம். ஆனாலும் அது அவர்கள் வழக்காக இருந்தது.

செட்டிநாட்டில் அந்த விவாதம் நடந்த இடம் கோயில். 1820களிலிருந்து நகரத்தார் இலங்கைக்கும் பினாங்குக்கும் புதிதாக எழுந்த சிங்கப்பூருக்கும் கொண்டு விற்கப் போனார்கள். மருது கூட்டத்தார் விலங்கோடு இறங்கிய அதே பினாங்கில் இருபது, முப்பது ஆண்டுகளில் இவர்கள் கிட்டங்கி எடுத்தார்கள். நீண்ட கூடம், வரிசையாகப் பெட்டியடிகள், ஒவ்வொரு பெட்டியடிக்கும் ஒரு மேலாள், முன்னே சாய்வு மேசைபோல் ஒரு பெட்டி. பேரேட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. ஒரு கடையின் மேலாள் மூன்று ஆண்டுத் தவணைக்குப் போவார், குடும்பம் ஊரில் இருக்கும். ஆதாயத்தில் மகமை தனியே எடுத்து வைக்கப்படும். தமிழ் மாதத்தில் ஒரு நாள் கடைக்காரர்கள் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள் என்று பிற்கால இரங்கூன் பற்றிய விவரங்கள் சொல்கின்றன. சிங்கப்பூரில் தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு அரசு உரிமம் தேவைப்படவில்லை. நோட்டு அச்சடிக்கவில்லை. பத்திரத்தைவிட விலாசம் பெரிது. நாணயம் தவறியவனுக்குக் கோர்ட்டைவிட முன்னதாகவே தண்டனை வந்துவிடும்: அவன் உண்டியலை யாரும் ஏற்க மாட்டார்கள், அவன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். கோயில், கல்யாணம், கடன் மூன்றும் ஒரே ஏட்டில் இருந்ததால் நம்பிக்கைக்குப் பிணை கிடைத்தது. 1837இல் அமெரிக்க வங்கிகளுக்கு இல்லாமல் போனது இதுதான். பெயர் தெரியாத ஊர் வங்கியின் நோட்டைக் கையில் வைத்திருந்தவனுக்கு அதன் முதலாளி யாரென்றே தெரியாது.

இதை வைத்து, வெள்ளைக்காரன் வாக்குரிமை காணும் முன்பே நகரத்தார் ஜனநாயகம் கண்டுவிட்டார்கள் என்று மேடைகளில் பேசுவதை ஏற்க முடியாது. புள்ளி சமமானது, ஆனால் பிறப்பால் மட்டுமே கிடைப்பது. கோயிலுக்கு வெளியே இருந்த உழுகுடிக்கும் கண்மாய் வெட்டிய கூலிக்கும் பேஷ்குஷ் சுமை இறங்கி வந்தது; வட்டியைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் இடம் இல்லை. சீதனமாக வந்த ஆச்சியின் பணம் கடையின் முதலில் கலந்திருக்கும். வீட்டு நிர்வாகம் முழுக்க அவள் கையில் இருக்கும். கணவன் போன மறுநாள் அவள் அரைப் புள்ளி. இந்தப் பாதியை எந்தப் பெருமையும் மறைக்கக் கூடாது.

அமெரிக்க வாக்குச்சீட்டும் சுத்தமானதன்று. சொத்துள்ள பெண்கள் வாக்களித்து வந்த நியூஜெர்சி 1807இல் அவர்கள் உரிமையைப் பறித்தது. நியூயார்க் 1821இல் வெள்ளையர்க்குச் சொத்து நிபந்தனையைத் தளர்த்தியபோது, கறுப்பின ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்று வைத்தது. பென்சில்வேனியா 1838இல் கறுப்பினத்தாரை வாக்காளர் பட்டியலிலிருந்தே நீக்கியது. ஏழை வெள்ளையன் உள்ளே வந்த அதே வாசல் வழியாகக் கறுப்பின மனிதன் வெளியே தள்ளப்பட்டான். 1830ஆம் ஆண்டின் பழங்குடி வெளியேற்றச் சட்டமும் ஜாக்சன் கையெழுத்துதான். 1838இல் செரோக்கி மக்களைப் படை கொண்டு விரட்டியபோது ஏறத்தாழ 4,000 பேர் மடிந்தார்கள் என்பது பொதுவான கணிப்பு. அப்படிப் பறித்த நிலத்தில் அடிமைகள் பஞ்சு பயிரிட்டார்கள். அந்தப் பஞ்சு லங்காஷயரில் துணியாகி நம் கரையில் இறங்கியது.

இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று தெரியாமல் இருந்தன என்று எண்ண வேண்டாம். பாஸ்டனிலிருந்து இயங்கிய சபை 1834இல் மதுரையில் அமெரிக்க மிஷனைத் தொடங்கியது. 1840இல் கும்பினி அமெரிக்கப் பஞ்சுத் தோட்டக்காரர்களை வரவழைத்தது. அவர்களில் சிலர் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட, தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேற்பார்வையில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனை நடந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டன் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது.

இரண்டு சமத்துவங்களும் ஒரு வேலிக்குள் வளர்ந்தவை. வேலியின் தன்மைதான் வேறு. அமெரிக்க வேலி சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது; எழுதியதை அடிக்க முடியும் என்று வெளியே நின்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1848இல் செனிகா பால்ஸ் ஊரில் கூடிய பெண்கள் வாக்கு கேட்டார்கள். உள்நாட்டுப் போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்த பிறகு, 1870இல் 15ஆம் திருத்தம் நிறத்தின் பேரால் வாக்கை மறுக்கக் கூடாது என்றது. அதையும் தெற்கு மாநிலங்கள் நெடுங்காலம் ஏய்த்தன. புள்ளியின் வேலி குலத்தில் இருந்தது. அதை வெளியே நிற்பவர் கேள்வி கேட்க ஒரு மன்றம் இல்லை. அதன் விலை பர்மாவில் தெரிந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 மாவட்டங்களில் நெல் நிலத்தில் 1930இல் சுமார் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. நெல் விலை வீழ்ந்து கடன் திரும்பாமல், 1937க்குள் அது 25 சதவீதம் அளவுக்கு ஏறிவிட்டது. பெரும்பாலானோர் விரும்பி வாங்கிய நிலமன்று. பணமாகக் கிடைக்காததை நிலமாக எடுத்துக்கொண்டார்கள். பர்மியக் குடியானவனுக்கு அந்த வேறுபாடு தெரிய நியாயமில்லை. கடைசியில் செட்டியார்களுக்கு நிலமும் முதலும் இரண்டும் போயின.

பிள்ளையார்பட்டிச் சுற்றுவட்டார உழுகுடிக்கு வாக்கு எப்போது வந்தது? 1920இன் சென்னைச் சட்டமன்றத் தேர்தலில் வரி கட்டும் சொத்துள்ளவர்க்கே இடம். 1935 இந்திய அரசுச் சட்டத்திலும் சொத்து நிபந்தனை தொடர்ந்தது. 1948இல் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீனை முடித்தது. சொத்து, சாதி, ஆண், பெண் என்ற கேள்வி இல்லாமல் எல்லோரும் வாக்களித்தது 1951-52 பொதுத் தேர்தலில். கணவனை இழந்தவள் அந்தப் பட்டியலில் முழு ஆள்.

இந்த வரலாற்றை எழுதச் சான்று எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று சுற்றுலா வருபவர்கள் பார்க்கும் பர்மாத் தேக்குத் தூணும் இத்தாலிச் சலவைக்கல்லும் பிற்காலத்தவை. 1801க்கும் 1850க்கும் இடைப்பட்ட காலம் இருப்பது ஓலையிலும் பேரேட்டிலும் கடிதக் கட்டிலும். வீடுகள் பங்கு பிரிந்து இடிபடும்போது கதவும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலை போகின்றன. பேரேட்டுக்கு அப்படி விலை இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த அச்சு நூல்கள் 1994இலிருந்து சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. கணக்கு ஏடுகளுக்கும் அப்படி ஓர் இடம் தேவை. உங்கள் வளவில், மேல்மாடி அறையில், கரையான் ஏறிய மரப்பெட்டியில் அவை இருந்தால், வீட்டை விற்கும் முன் ஒரு பல்கலைக்கழகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ சொல்லியனுப்புங்கள். கடன் கொடுத்தவர் பெயர் மட்டுமல்ல, வாங்கியவர் பெயரும் அதில்தான் இருக்கிறது.